வானத்துச் சந்தடி

உலகத்தில் பைத்தியங்கள் பலவகை. சீட்டாட்டப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம், தபால்தலைப் பைத்தியம் என்று ஜனங்கள் அவற்றை அறிவார்கள். அறிந்து மன்னித்தும் விடுவார்கள். நம்மைப் பிடித்திருக்கும் பைத்தியத்துக்கோ ஊரார் இன்னும் பெயர் வைத்தபாடில்லை. ஆமத்தூரில் நமது வீட்டு மாடியிலிருந்து வேப்பமரம் வரையில் 33 அடி நீளத்தில் ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறோம். துணி உலர்த்தும் கொடியென்று எண்ணி முதலில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வருஷ காலம் அதில் ஒரு வேட்டி கூடத் தொங்காததைக் கண்ட பிறகே விசாரணை ஆரம்பமாயிற்று. அது அமெச்சூர் வானொலியின் ஏரியல் என்றும், அதன் மூலம் ஜப்பான் தேசத்தோடும் ஜெர்மனி தேசத்தோடும் மோர்ஸ் பாஷையில் சம்பாஷிக்கிறோம் என்றும் விளக்கினோம். "கையிலே போன் இருக்கும்போது எதுக்கு சார் இந்தக் கஷ்டம்?" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி.

நியாயமான கேள்விதான். போனில் ஒருவர் நம்மைக் கூப்பிடலாம். மிஞ்சிப் போனால் இன்னொருவர் வரிசையில் காத்திருக்கலாம். ஆனால் நூறு பேர் ஒரே விநாடியில், ஒரே இடத்தில் நம்மைக் கூப்பிட்டு, அவர்களில் ஒருவரை நாம் பொறுக்கியெடுத்துப் பதில் சொல்லும் சுகம் போனில் கிடையாது. (‘நாம்’ என்று எழுதுவதைக் கண்டு ஒரு பெரிய சங்கத்தையே நேயர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நாம் ஒருவரே. பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்குத் தம்மைப் பன்மையில் சொல்லிக்கொள்ளும் உரிமையாவது இருக்கட்டும்.)

இந்தக் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1924-இல் ஸ்ரீ ஸி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் மாகாண ரேடியோ கிளப்பை ஏற்படுத்தியபோதே, அரசாங்கத்தின் வானொலி நிலையம் என்ற ஒன்று சென்னையில் பிறப்பதற்கு முன்பே, பொழுதுபோக்காக வானொலி நடத்தும் அன்பர்கள் இங்கே இருந்தார்கள். அவர்களை உலகெங்கும் ‘ஹாம்’ என்று அழைக்கிறார்கள். மோர்ஸ் தந்தியோ அதைவிடப் பழையது. நம் தேசத்தில் 1850-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் நடுவில் தந்திக் கம்பி போட்டாகிவிட்டது. 2013 ஜூலையில் தந்தித் துறையே மூடப்பட்டது. அதற்குப் பத்து வருஷம் முன்னதாக, 2003-இல் ஜெனிவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, ஹாம்களுக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதியையும் நீக்கிவிட்டது. கட்டாயம் போன பிறகும் மோர்ஸ் போகவில்லை. கட்டாயப் பாடமாயிருந்தவரை ஒருவரும் படிக்காத செய்யுளை, பாடத்திட்டத்திலிருந்து எடுத்த பிறகு மாணவர்கள் மனப்பாடம் செய்வதில்லையா? அதுபோலத்தான்.

மோர்ஸின் இலக்கணம் தமிழருக்குச் சுலபமாக விளங்கக் கூடியது. நம் முன்னோர் கண் இமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என்று வைத்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று என்று கணக்கிட்டார்கள். மோர்ஸில் புள்ளி ஒரு மாத்திரை. கோடு மூன்று மாத்திரை. அதாவது குறில் உண்டு, அளபெடை உண்டு, நெடில் மட்டும் கிடையாது. எழுத்துக்கு எழுத்து மூன்று மாத்திரை மௌனம். சொல்லுக்குச் சொல் ஏழு மாத்திரை மௌனம். வித்தியாசம் வேகத்தில்தான். போட்டியில் நிமிஷத்துக்கு முப்பது சொல் என்பது சாதாரண நடை. அந்த நடையில் ஒரு புள்ளியின் ஆயுள் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. முன்னோர் சொன்ன கண்ணிமைப்புக்குள் நாலைந்து புள்ளிகள் பிறந்து மறைந்துவிடும்.

நிற்க. போட்டி என்றோமே, அது என்ன?

நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் ஸி.க்யூ. வேர்ல்ட்வைட் என்னும் மோர்ஸ் போட்டி நடக்கிறது. கிரீன்விச் நள்ளிரவில் ஆரம்பிப்பதால் நமக்குச் சனிக்கிழமை காலை 5.30 மணி, திங்கட்கிழமை காலை 5.30-க்கு முடிவு. இந்த 48 மணி நேரத்துக்குள் எத்தனை நிலையங்களோடு தொடர்பு கொள்கிறோம், எத்தனை நாடுகள், எத்தனை மண்டலங்கள் என்பதே கணக்கு. வேறு கண்டத்து நிலையத்துக்கு மூன்று புள்ளி. ஒரே கண்டத்தில் வேறு நாட்டுக்கு ஒரு புள்ளி. சொந்த நாட்டுக்கு சூனியம். இப்படிச் சேர்ந்த புள்ளிகளை நாடு, மண்டலம் இவற்றின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். உலகத்தை நாற்பது மண்டலங்களாகப் பிரித்ததில் நமக்கும் இலங்கைக்கும் வாய்த்தது 22.

பரிமாறிக்கொள்ளும் செய்தி மிகச் சிறியது: ‘599 22’. முதல் எண், "உமது ஸிக்னல் அப்பழுக்கில்லாமல் கேட்கிறது" என்று பொருள்படும். காதைத் தீட்டி, மூச்சை அடக்கி, மூன்று தடவை திருப்பிக் கேட்டுப் பிடித்த நிலையத்துக்கும் 599 என்றே எல்லோரும் அனுப்புகிறார்கள். சர்வதேச அங்கீகாரம் பெற்ற பொய் இது ஒன்றுதான் என்று நினைக்கிறோம். அந்தப் பொய்யிலும் சிக்கனம் உண்டு. ஒன்பதுக்கு நான்கு கோடும் ஒரு புள்ளியும் வேண்டும் என்பதால், ஒரு கோடு ஒரு புள்ளியாலான ‘என்’ எழுத்தைப் போட்டு ‘5 என் என்’ என்று முடித்துவிடுவார்கள்.

ஐரோப்பாவில் நிலையங்கள் மலிந்து கிடக்கின்றன. நம் தேசத்திலிருந்து போட்டியில் இறங்குகிறவர்கள் கொஞ்சம். ஆகையால் ‘வி.யூ.’ என்று தொடங்கும் நமது அழைப்புக் குறி காற்றில் எழுந்ததும், தேனடையைக் கண்ட எறும்பு போல் மொய்த்துவிடுகிறார்கள். இந்தக் கூட்டத்துக்குத்தான் ‘பைல்-அப்’ என்று பெயர். குவியல் என்று சொல்லலாம். அது எப்படி இருக்கும் என்று வகுப்பில் விளக்கிப் பார்த்தோம். சிவகாசிச் சரவெடியைக் கொளுத்திவிட்டு, அதில் பதினேழாவது வெடி எது என்று சொல்வது போல என்றோம். (சேர்த்துக் கட்டிய சரவெடிக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது; வானத்துச் சரவெடிக்குத் தடையில்லை.) ஒரு மாணவி எழுந்து, "சார், ராத்திரி எட்டு மணிக்கு எண்ணெய்ப் புரோட்டாக் கடை மாதிரின்னு சொல்லுங்க!" என்றாள். நம்முடைய உவமையை அப்போதே கைவிட்டோம்.

விருதுநகரில் அந்தக் கடைகளின் முன்னால் நின்றவர்கள் அறிவார்கள். முப்பது பேர் ஏககாலத்தில் "நாலு புரோட்டா!" "ரெண்டு பார்ஸல்!" என்று கூவுவார்கள். கூவிக்கொண்டே இருப்பவனுக்குப் புரோட்டா கிடைப்பதில்லை. கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் எப்போது நிமிர்ந்து பார்க்கிறார் என்று கவனித்து, அந்தக் கணத்தில், மற்றவர் மூச்சு வாங்கும் இடைவெளியில், ஒரே தடவை தெளிவாகச் சொல்பவனுக்குத்தான் இலை விழும். மோர்ஸ் குவியலின் தந்திரம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது; மிச்சமெல்லாம் வியாக்கியானம்.

வியாக்கியானத்தையும் கொஞ்சம் சொல்லுவோம். அரிய நிலையம் ஒன்றைக் கூப்பிடப் போகிறவர் முதலில் கேட்க வேண்டும். நிலையத்தின் பெயர் சரியாகக் காதில் விழுந்ததா? அது யாருக்குப் பதில் சொல்கிறது? எந்த வேகத்தில் பேசுகிறவர்களை எடுக்கிறது? ‘நன்றி’ என்று அனுப்பிய பிறகு எத்தனை நேரம் காது கொடுக்கிறது? இந்த விவரமெல்லாம் தெரியாமல் கட்டையைத் தட்டுவது, எந்த ஊர்ப் பஸ் என்று பார்க்காமல் ஏறி உட்கார்வதற்குச் சமானம். பிறகு தம்முடைய அழைப்புக் குறியை முழுமையாக, ஒரு முறை மட்டும் அனுப்ப வேண்டும். பாதிப் பெயரைச் சொல்லுவது நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மீதிப் பாதியைக் கேட்டு வாங்க இன்னொரு சுற்று ஆகிறது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று தடவை அடுக்கி அனுப்புவதோ அதைவிடக் கேடு. இவர் மூன்றாம் தடவை சொல்லி முடிப்பதற்குள் அந்த நிலையம் வேறொருவரோடு பேசி முடித்திருக்கும்.

அடுத்தது ஸ்வரம். இக்காலத்தில் எந்த நிலையம் எங்கே இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரே திரையில் காட்டிவிடுகிறது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் வானொலி அந்த இடத்தில் போய் நிற்கும். இதனால் என்ன ஆயிற்று? நூறு பேரும் இம்மி பிசகாமல் ஒரே ஸ்வரத்தில் கத்துகிறார்கள். நூறு நாயனம் ஒரே ஸ்வரத்தைப் பிடித்தால் வித்துவான் யார், சீடன் யார் என்று எப்படித் தெரியும்? நூறு ஹெர்ட்ஸ் மேலேயோ கீழேயோ விலகிக் கொண்டால் போதும். நமது ஒலி அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே காதில் விழும். ஒரு விநாடி தாமதித்து, கூட்டம் ஓயும் தறுவாயில் நமது குறியை வைப்பதும் இத்தகைய உபாயமே.

இவற்றை விட்டுவிட்டுப் பலத்தை நம்புகிறவர்கள் அதிகம். அமெரிக்காவில் சட்டம் 1500 வாட் வரையில் அனுமதிக்கிறது. நம்மிடம் இருப்பது 100 வாட். பதினைந்து மடங்கு என்று கேட்டால் மலைப்பாயிருக்கிறது. ஆனால் ஒலியளவுக் கருவியில் அது ஏறக்குறைய இரண்டே இரண்டு படிதான் உயர்த்திக் காட்டும். அந்த இரண்டு படியைப் பொறுமையால் ஈடு செய்ய முடியும் என்று நாம் நம்புகிறோம். வேறு வழியும் நமக்கு இல்லை.

மரியாதையின் உரைகல், நம்மைக் கூப்பிடாத சமயத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பது. நிலையம் ‘ஜே.ஏ. ஏதோ’ என்று ஒரு ஜப்பானியரின் பாதிப் பெயரைச் சொல்லி மீதியைக் கேட்கிறது. மற்றவர்கள் கை கட்டி நிற்க வேண்டும். ஜப்பான் தேசத்து ஹாம்கள் இதில் நமக்கெல்லாம் ஆசான்கள். ஒருவர் பெயரை எடுத்த மாத்திரத்தில் ஏனையோர் மௌனமாகிவிடுவார்கள். வேறு சில திசைகளில் இருக்கிறார்களே, அவர்கள் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. ஓர் எழுத்துப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் அவர்கள் தம்மைத்தான் அழைத்ததாகப் பாவித்துக்கொண்டு முழங்குவார்கள். கல்யாணப் பந்தியில் ‘மாப்பிள்ளை’ என்று யாரைக் கூப்பிட்டாலும் எழுந்து நிற்கிற ஆசாமிகள் இல்லையா?

நமது பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்றால், மறுபடியும் அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. ‘5 என் என் 22’ என்று கொடுத்துவிட்டு நகர வேண்டும். திருப்பிச் சொன்னால், தவறாகப் பிடித்துவிட்டோமோ என்று அவர் சந்தேகப்பட்டு நின்றுவிடுவார். பின்னால் இருக்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதாகும்.

இனி, கூட்டம் நம்மைச் சுற்றிக்கொள்ளும்போது நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை. ஓரிடத்தில் கடை விரிக்குமுன், "இங்கே யாரேனும் இருக்கிறீர்களா?" என்று பொருள்படும் ‘க்யூ.ஆர்.எல்.’ கேள்வியை அனுப்பிக் கேட்பது ஆசாரம். ஒரு தடவை, அப்படிக் கேட்டு, மௌனமே சம்மதமென்று உட்கார்ந்து, ஒரு மணி நேரமாக வியாபாரம் நடத்திக் கொண்டிருந்த இடத்தில் மகா பலசாலியான நிலையம் ஒன்று கேளாமல் கொள்ளாமல் வந்து இறங்கிற்று. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போனோம். யானையோடு வரப்புத் தகராறு செய்வதில் ஆதாயமில்லை.

தம் பெயரை அடிக்கடி சொல்ல வேண்டும் என்பது அடுத்த தர்மம். பத்துப் பேரோடு பேசியும் பெயர் சொல்லாத நிலையங்கள் உண்டு. யாரென்றே தெரியாமல் கூட்டம் காத்துக் கிடக்கும். ஒரு முறை பேசியவரே மறந்து மீண்டும் வந்தால், "முன்னமே ஆயிற்று" என்று வாதாடுவதைவிட மறுபடி ஒரு ‘5 என் என்’ கொடுத்தனுப்புவது சீக்கிரம் முடியும். வடிகட்டியை மிகக் குறுக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சற்று விலகி நின்று கூப்பிடும் புத்திசாலிகள்தாம் அதனால் வெளியே நிற்க நேரும். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விதி ஒன்று உண்டு. ஒருவரின் பெயரில் இரண்டு எழுத்தைப் பிடித்துவிட்டால், அவரை முடிக்காமல் வேறு ஆளிடம் தாவக் கூடாது. பலமாகக் கத்துகிறவனுக்கு ஒரு தடவை இணங்கிவிட்டால், கத்துவதே வழியென்று கூட்டம் கற்றுக்கொள்ளும். பிறகு அதைத் திருத்த முடியாது. இது வகுப்பறையிலும் உண்மையென்று நம்முடைய சக உபாத்தியாயர்கள் சாட்சி சொல்லுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில், சனிக்கிழமை பிற்பகல், பதினைந்து மீட்டர் அலைவரிசையில் இருந்தோம். கார்த்திகை மாதத்து இடி தூரத்தில் கடகடவென்று காதில் இரைந்தது. ஐரோப்பா முழுவதும் திறந்து கொண்டு மூன்று மூன்று புள்ளியாகக் கொட்டிக் கொண்டிருந்தது. அந்த ஆரவாரத்துக்கு அடியில், நூல் போல ஓர் ஒலி. ‘4 எஸ்’ என்ற இரண்டெழுத்து மாத்திரம் பிடிபட்டது. இலங்கை!

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். ஆமத்தூருக்கும் கொழும்புக்கும் ஆகாய மார்க்கத்தில் சுமார் 360 கிலோமீட்டர். பெர்லினைவிட எத்தனையோ அருகில் இருக்கிறது. ஆனால் இந்த அலைகள் மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்தான் தரையைத் தொடுகின்றன. பக்கத்து ஊர் அந்தத் தாண்டலுக்கு அடியில் இருட்டில் கிடக்கிறது. சிதறி வரும் கொஞ்சநஞ்ச ஒலியே அங்கிருந்து கிடைக்கும். தூரதேசத்துப் பிரபுவின் குரல் கணீரென்று கேட்கும். அண்டை வீட்டுக்காரன் கூப்பிடுவது கேளாது.

‘4 எஸ்?’ என்று அனுப்பினோம். பதிலுக்கு ஐரோப்பா இடிந்து விழுந்தது. மீண்டும் ‘4 எஸ்?’. மீண்டும் அதே இடி. அவரால் கிடைக்கப் போவது ஒரே ஒரு புள்ளி. ஆனால் நமக்கு அந்த அலைவரிசையில் இலங்கை என்ற புதிய நாடு. கடிகாரத்தைப் பார்த்தால் அந்நேரத்துக்கு இரண்டு மூன்று ஜெர்மானியரை முடித்திருக்கலாம். நாலாம் முறை ‘4 எஸ்’ மட்டுமே அனுப்பி, வேறு எவருக்கும் பதிலில்லை என்பதைக் கூட்டத்துக்கு உணர்த்தினோம். ஆச்சரியம் என்னவென்றால், கூட்டம் தணிந்தது. முதலில் ஓரிருவர், பிறகு அநேகமாக எல்லோரும் நிறுத்தினார்கள். அந்த மௌனத்தில் முழுப் பெயரும் மெல்லியதாக, ஆனால் ஒழுங்கான மாத்திரைக் கணக்கோடு வந்து சேர்ந்தது. ‘5 என் என் 22’ என்று அவர் கொடுத்தார். ‘5 என் என் 22’ என்று நாமும் கொடுத்தோம். இருவருக்கும் ஒரே மண்டலம். அவர் நன்றியை இரண்டு தடவை அனுப்பினார். போட்டியில் அது வீண் செலவு. ஆயினும் நமக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை.

கூட்டம் தணியும் என்ற நம்பிக்கை விளையாட்டோடு நின்றுவிடுகிற விஷயமன்று. அந்தமான் நிகோபார் தீவுகளை ஹாம்கள் தம் கணக்கில் ஒரு தனி நாடாகவே வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக அங்கிருந்து எவரும் பேசவில்லை. 2004 டிசம்பரில், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீமதி பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது. வி.யூ. 4 ஆர்.பி.ஐ. என்ற குறி வானில் எழுந்ததும் உலகமே மொய்த்துக்கொண்டது. இவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரே இடத்தில் வைத்துச் சமாளிக்க முடியாது. ஆகவே நிலையம் ஓரிடத்தில் பேசும். சற்று மேலே தள்ளிக் கேட்கும். ‘மேலே’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியாமல், நிலையம் பேசும் இடத்திலேயே போய்க் கூவுகிறவர்கள் எந்தக் குவியலிலும் இருப்பார்கள். அவர்களைத் திருத்துவதாக நினைத்து அதே இடத்தில் "மேலே! மேலே!" என்று அலறுகிறவர்களும் இருப்பார்கள். இந்தப் பிற்சொன்னவர்களுக்கு ஹாம்கள் வைத்த பெயர் ‘போலீஸ்காரர்’. திருடன் செய்யும் சத்தத்தைவிடப் போலீஸ்காரரின் விசில் சத்தமே ஜாஸ்தி.

அந்த டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமி நடுங்கிக் கடல் பொங்கிற்று. தீவுகளின் தொலைபேசி அறுந்து போயிற்று. விளையாட்டுக்காகப் போட்ட நிலையம் அன்றைக்கே அவசர நிலையமாயிற்று. உயிரோடிருக்கிறார்களா என்று நிலப்பகுதியில் தவித்தவர்களுக்கு அதன் வழியாகச் செய்தி போயிற்று. குழுவில் சிலர் கார் நிகோபாருக்கும் சென்று நிலையம் அமைத்தார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெயரை எழுத்துப் பிசகாமல் வாங்குவதில் மூன்று வாரம் பழகிய காதுகள் அவை. இப்போது அந்தப் பெயர்கள் புள்ளிக் கணக்குக்கானவை அல்ல.

போட்டிக்கு வருவோம். போட்டியே பிடிக்காத ஹாம்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் நிம்மதியாகப் பேச இடமில்லையே என்று குறைப்படுகிறார்கள். அவர்களுக்காக 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் போட்டி நடத்துவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. எழுதிக் கையெழுத்திட்டதன்று, ஆயினும் பெரும்பாலும் மீறப்படுவதில்லை. நம் வீட்டிலும் இத்தகைய ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும்.

ஜூன் மாதத்தில் ஜப்பானியர் நடத்தும் ஆல் ஏஷியன் போட்டியில் மண்டல எண்ணுக்குப் பதிலாக வயதை அனுப்ப வேண்டும். பெண்கள் விரும்பினால் இரண்டு சூனியம் போட்டுக்கொள்ளலாம் என்பது அதன் பழைய சம்பிரதாயம். நமக்கு அந்தச் சலுகை இல்லாததால் உலகத்துக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவருகிறோம். எண்பதைக் கடந்தவர்கள் இளைஞனின் விரைவோடு தட்டுவதை அங்கே கேட்டு, நாற்பதுகளில் இருப்பது குறித்துச் சமாதானம் அடைந்தோம்.

போட்டி முடிந்தபின் எல்லோருடைய பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஓர் எழுத்தைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தொடர்பு கழிக்கப்படுவதோடு அபராதமும் உண்டு. அதனால்தான் சிலர், பெயர் சரியாக விழாதபோது, பழைய பட்டியலைப் புரட்டி ‘இன்னாராகத்தான் இருக்கும்’ என்று ஊகித்து எழுதிக்கொள்கிறார்கள். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இருந்தாலும் காதில் விழாததை எழுதுவது நமக்குச் சம்மதமில்லை. கேட்டு வாங்குவதற்கு மூன்று விநாடி போதும்.

புரோட்டாக் கடை உவமை சொன்ன மாணவி, சென்ற போட்டியின்போது தன் தகப்பனாருடன் வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறவர். ஒரு மூலையில் உட்கார்ந்து காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். அவளுக்கு எழுத்துகள் அரைகுறை. எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும். இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பென்ஸிலும் தாளுமாக உட்கார்ந்தாள். கால்மணி நேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒரு ‘14’ எழுதினாள்; சரி. ஒரு ‘25’, அதுவும் சரி. அடுத்தபடி ஓர் அழைப்புக் குறி வந்தது. நாலு எழுத்து எழுதி, ஐந்தாவது இடத்தில் கோடு போட்டு நிறுத்தினாள். நமக்கு அது தெரிந்த நிலையந்தான். முந்தின வருஷப் பட்டியலிலும் இருக்கிறது. கடைசி எழுத்து இன்னதென்று அவளிடம் சொல்ல வாயெடுத்தோம்.

"இருங்க சார். எனக்குக் கேக்கலை. அவரை இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.